கசற்றில் குரைத்த நாய்

எனக்குப் பதின்மூன்று வயது நடந்த எண்பத்தாறாம் ஆண்டில் ஐயாவிடம் நான் நாய்க்குட்டி கேட்டது முப்பத்தொரு தரம். அம்மாவிடம் கேட்டதை நான் எண்ணவில்லை. அம்மாவிடம் கேட்டால் "கொப்பரைக் கேள்" என்பார். ஐயாவிடம் போனால் "கொம்மாவைக் கேள்" என்பார். இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துக் கேட்டால் இரண்டு பேருக்கும் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

ஐயா பரமலிங்கம் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். கோயிலில் தேவாரம் பாடுகிறவரும் அவர்தான். தன்னுடைய குரலைப்பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இருந்தது. எங்கள் ஊர் கரம்பொனில் அவர் பாடத் தொடங்கினால் சில மைல் தள்ளியிருக்கிற வேலணையில் கேட்கும் என்று யாரோ ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். சொன்னவர் புகழ்ந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

நான் கேட்டது சும்மா ஒரு நாய் அல்ல. என்னோடு படித்த மேரிஜோசப்பினின் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. கண்கூடத் திறக்கவில்லை. நாலு குட்டிகளுக்கும் அன்றைக்கே ஆள் வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு வால் பாதியில் மடிந்திருந்தது. வால் மடிந்த நாய் வீட்டுக்கு ஆகாது என்று யாரும் அதைத் தொடவில்லை. மேரிஜோசப்பினின் தகப்பன் குருசுமுத்து கடலுக்குப் போகிறவர், வளவளவென்று பேசமாட்டார். "பால் மறக்கும்வரைக்கும் நிக்கட்டும். பிறகு ஒருத்தரும் எடுக்காட்டிச் சந்தையடியிலை விட்டிடுவன்" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சந்தையடியில் நிற்கிற நாய்களை எனக்குத் தெரியும். லொறிக்காரருக்கும் தெரியும். அன்றைக்கே அந்தக் குட்டி என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். மிச்சமிருந்தது ஐயாவும் அம்மாவும்தான்.

முதலில் கள்ளன் வருவான் என்று பயப்படுத்திப் பார்த்தேன்.

"எங்கடை வீட்டிலை கள்ளன் எடுக்க என்ன கிடக்கு?" என்றார் ஐயா. "ஒரு றேடியோ. அதுக்கும் பற்றறி செத்துப்போய்க் கிடக்கு."

பிறகு முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். 'கனம் மனேச்சர் அவர்கட்கு, நாய்க்குட்டியொன்று வளர்ப்பதற்கு அனுமதி கோரல்' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள மகள், ப. அம்பிகை' என்று முடித்து, கடைக்கே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மாலையில் விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, 'மறுக்கப்பட்டது' என்று எழுதி, திகதியிட்டு, றப்பர் சீலும் குத்தியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த றப்பர் சீலை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன்.

கடைசியாக உண்ணாவிரதம் இருந்தேன். காலையில் தொடங்கியது. மத்தியானம் அம்மா குழல்புட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது அநியாயம். எதிரியோடு சண்டை பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

இனி எனக்கு இருந்த ஒரே வழி அண்ணாதான்.

அண்ணா தியாகலிங்கம் ஜேர்மனிக்குப் போய் இரண்டு வருடம். அவனுக்கு நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, ஒலிநாடாக் கசற்றில் பேசிப் பதிந்து அனுப்புவோம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்த வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வீட்டில் கசற் பேசும் நாள் வரும். அது ஏறக்குறையத் திருவிழா. கோழிகளைக் கூட்டுக்குள் அடைப்பார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமிக்கு இன்றைக்கு மா இடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். காகம் கலைப்பது என் வேலை. கலைத்தது போதாதென்று கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஐயா கதிரையை இழுத்துப்போட்டு, கசற் பதிகிற எங்கள் றேடியோவுக்கு முன்னால் உட்காருவார்.

பற்றறியைப்பற்றிச் சொல்லவேண்டும். ஐயா புதுப் பற்றறி வாங்கமாட்டார். செத்த பற்றறி நாலையும் கழற்றிக் கிணற்றுக்கட்டில் செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில் வெயிலில் காயவைப்பார். காய்ந்தால் அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் உயிர் வரும். கடை நிறையப் பற்றறி வைத்து விற்கிற மனிதர் வீட்டில் இப்படிச் செய்கிறாரே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த ஞாயிறும் காயவைத்த பற்றறியைப் போட்டுத்தான் ஐயா பேசினார். முதலில் ஒரு தேவாரம். பிறகு கையில் வைத்திருந்த துண்டில் எழுதியிருந்த தலைப்புகளின்படி புத்திமதி. உடம்பு, குளிர், கூட்டாளிகள், கடைசியாகப் புகைத்தல். இதைக் கேட்க நேர்ந்துவிடுமோ என்று அம்மா குசினிக்குள் போய்விட்டார். எனக்குக் காகம் இருந்தது.

"சிகரெட் பத்தாதை" என்று சொன்னதும் ஐயாவுக்கே இருமல் வந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சுருட்டுப் பிடிக்கிறவருக்கு வராமல் என்ன செய்யும்? அவர் அதை இருமல் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். செருமல் என்பார். எப்போதும் மூன்று தரம், கணக்குத் தவறாது. மறுபடி "ஒருநாளும் பத்தாதை" என்றார். மறுபடி மூன்று.

அவர் முடித்தபின் அம்மா பத்து நிமிடம் பேசினார். அதில் பாதி அழுகை. எனக்கு இரண்டு நிமிடம் மிஞ்சும் என்று சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் என்னென்ன சொல்வதென்று மேரிஜோசப்பினை மணிக்கூடு பார்க்கச்சொல்லி ஒரு கிழமையாகப் பழகியிருந்தேன். அண்ணா உழைத்துக் காசு அனுப்புகிறவன். அவன் ஒரு சொல் சொன்னால் வீட்டில் எடுபடும். மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினேன்.

"அண்ணா, நான் அம்பிகை. எனக்கு ஒரு..."

டக்கென்று பட்டன் மேலே எழும்பியது. கசற் முடிந்துவிட்டது.

"பரவாயில்லை, அடுத்தமுறை சொல்லலாம்" என்றார் ஐயா. அடுத்தமுறைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. போட்டுப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. நான் கொல்லைக்குள் போய் ஒரு காகத்தைக் கல்லால் எறிந்தேன். அதன்மேல் படவில்லை.

பதில் வர ஆறு கிழமை, ஏறக்குறைய ஒன்றரை மாதம், எடுத்தது. அதற்குள் குட்டிகள் பால் மறந்து, நாலும் நாலு வீட்டுக்குப் போய்விட்டன. மடிந்த வால்காரன் மட்டும் மேரிஜோசப்பினின் வீட்டு வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அந்த அரை வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தையடியில் விடப்போவதாகக் குருசுமுத்து சொல்லிவிட்டார். நான் அழுதேன். அழுதது முப்பத்தோராவது தரம் கேட்டபோது. அதற்கும் "ஏலாது"தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணாவின் கசற் வந்தது. கசற் வந்தால் தனியாகக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. சின்னத்தங்கம் மாமி, அவவின் பிள்ளைகள், முன்வீட்டு ஏரம்பு அண்ணை எல்லாரும் வந்து விறாந்தையில் இருந்துவிட்டார்கள். ஐயா காயவைத்த பற்றறியைப் போட்டு, பட்டனை அமத்தினார்.

எருமை பேசியது. அப்படித்தான் இருந்தது. "ஐ...யா... அம்...மா..." என்று தடித்த குரலில், கிணற்றுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து.

"ஐயோ, என்ரை பிள்ளைக்குக் குளிர் தொண்டையிலை இறங்கீட்டுது!" என்று அம்மா கத்தினார்.

"குளிரில்லை மச்சாள், உங்கடை பற்றறி" என்று சொல்லிச் சின்னத்தங்கம் மாமி வீட்டுக்குப் போய் இரண்டு ரோச் லைற்றையும் கழற்றி நாலு பற்றறி கொண்டுவந்து தந்தா. போட்டதும் எருமை போய் அண்ணா வந்தான்.

"ஐயா, அம்மா, தங்கச்சி, நான் நல்ல சுகம். உங்கடை கசற் கிடைச்சது. ஐயா, கோவிக்காதேங்கோ, போகப்போக உங்கடை குரல் கீச்சுக்கீச்செண்டு விரைவாய்ப் போகுது. புதுப் பற்றறி போடுங்கோ. அதை விடுங்கோ, நாய்க்குட்டி எடுத்ததை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

விறாந்தையில் இருந்த எல்லாரும் முற்றத்தைப் பார்த்தார்கள். முற்றத்தில் ஒரு கோழி நின்றது.

"நீங்கள் சிகரெட் பத்தாதை எண்டு சொல்லேக்கை மூண்டுதரம் குரைச்சுது. ஒருநாளும் பத்தாதை எண்ட இடத்திலை இன்னும் மூண்டுதரம். நீங்கள் சொல்லுறது சரியெண்டு சொல்லுற மாதிரி. றூமிலை இருக்கிற பெடியள் விழுந்து விழுந்து சிரிச்சு, வேலை மேற்பாக்கிற ஆள் மாதிரியெண்டு அதுக்கு ஓவசியர் எண்டு பேரும் வைச்சிட்டாங்கள். தங்கச்சி கடைசியிலை 'எனக்கு ஒரு' எண்டேக்கை கசற் முடிஞ்சிட்டுது. நாய்க்குட்டியைத்தானே சொல்ல வந்தனி? விளங்கீட்டுது. நான் எத்தினை வருசம் கேட்டனான், எனக்கு வாங்கித் தரேல்லை. அவளுக்கெண்டாலும் வாங்கித் தந்தியள், சந்தோசம் ஐயா."

அண்ணா தொடர்ந்து பேசினான்.

"இஞ்சத்தை நாயள் குரைக்காதுகள். பஸ்ஸிலை ஆக்களோடை சத்தம்போடாமல் இருந்து போகுதுகள். எனக்கு நித்திரை வராட்டி எங்கடை ஓவசியர் குரைக்கிற இடத்தை மட்டும் போட்டுப் போட்டுக் கேக்கிறனான். கேட்டால் வீட்டிலை படுத்துக்கிடக்கிற மாதிரி இருக்கு."

முதலில் விளங்கியது அம்மாவுக்குத்தான். சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். பிறகு எனக்கும் விளங்கியது. செத்த பற்றறியில் கசற் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை ஜேர்மனியின் நல்ல கறண்டில் போட்டால் விரைவாக ஓடும், குரல் கீச்சிடும். எங்கள் செத்த பற்றறியில் போட்டுப் பார்த்தபோது அது தெரிய நியாயமில்லை. அப்படி ஓடியதில்தான் ஐயாவின் இருமல் குட்டிநாய் ஆகியிருக்கிறது.

ஐயாவுக்கும் விளங்கிவிட்டது. காது இரண்டும் சிவந்துவிட்டன. வேலணைவரைக்கும் கேட்கிற குரலை ஜேர்மனியில் ஒரு அறை நிறையப் பெடியள் நாய் என்று நினைத்துப் பேரும் வைத்துவிட்டார்கள்.

"நாய் எங்கை அண்ணை?" என்று கேட்டா சின்னத்தங்கம் மாமி. "நான் ஒருநாளும் காணேல்லையே. சத்தமும் கேக்கேல்லை."

அந்த நேரம் பார்த்து ஐயாவுக்கு இருமல் வந்தது. வந்ததை நான் கண்ணால் கண்டேன். நெஞ்சு எழும்பியது, கன்னம் ஊதியது, கண் பிதுங்கியது. இப்போது ஒரு தரம் இருமினால் போதும், ஊருக்கே விளங்கிவிடும். ஐயா அதை அப்படியே விழுங்கினார். அவ்வளவு பெரிய வீரத்தை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

"குட்டி..." என்றார் கண்ணீர் வழிய. "குட்டி குருசுமுத்து வீட்டிலை நிக்குது. கொண்டுவந்தனாங்கள், தாயைத் தேடி அழுதது. திருப்பி விட்டிருக்கு. நாளைக்குக் கூட்டியாறம்."

அவர் வாழ்க்கையில் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம். நான் அவருடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "எழும்பு பிள்ளை, ஆக்கள் பாக்கினம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் காலையில் இருவரும் குருசுமுத்து வீட்டுக்குப் போனோம். ஐயா கடைக்குப் போகிற வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக வாசலில் நின்று, "ஒரு குட்டி வேணும். குரைக்கிற குட்டியாய்" என்றார்.

மேரிஜோசப்பினின் தாய் றோசம்மா முழங்கையால் நெற்றியைத் துடைத்தா. "ஒண்டுதான் மிஞ்சிக்கிடக்கு மனேச்சர் ஐயா. ஆனால் இது குரைக்காது. தாயும் அப்பிடித்தான், கள்ளன் வந்தாலும் வாலாட்டும்."

"பழக்கலாம் ஐயா, நான் பழக்குறன்" என்று கத்தினேன்.

ஐயா குட்டியைப் பார்த்தார். குட்டி அவருடைய செருப்பை மணந்து பார்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தது.

"அடுத்த கசற் பேசுமட்டும் நேரம் தாறன்" என்றார் என்னிடம். "கொண்ணை ஜேர்மனியிலை கேக்கக் குரைக்கவேணும். குரைக்காட்டித் திருப்பிக் கொண்டந்து விடவேணும்."

"விடுங்கோ ஐயா" என்றார் உள்ளேயிருந்து குருசுமுத்து. "சந்தையடி அங்கைதான் இருக்கப்போகுது."

ஓவசியர் என்ற பேரோடு குட்டி வீட்டுக்கு வந்தது. குசினி வாசலைத் தாண்டக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். மூன்றாம் நாள் குசினிக்குள் அம்மாவே அதற்கு மீன்முள் எடுத்துக்கொடுப்பதைக் கண்டேன். ஆகவே அம்மாவைப்பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் குரைப்பதைப்பற்றித்தான்.

நான் படாத பாடுபட்டேன். பூனையைக் கொண்டுவந்து காட்டினேன். ஓவசியர் பூனையை நக்கியது. தகர வாளியில் தட்டினேன். நித்திரையானது. ஏரம்பு அண்ணையைச் சாக்கு மூடிக்கொண்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் வேலியோடு விழுந்தார், ஓவசியர் போய் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டது. கடைசியில் நானே நாலு காலில் நின்று அதற்கு முன்னால் குரைத்துக் காட்டினேன். தபால்காரர் வாசற் படலைக்குள் வராமல் கடிதத்தை எறிந்துவிட்டுப் போய்விட்டார். ஓவசியர் தலையைச் சரித்து, நான் சொல்வதைக் கவனமாகக் கேட்டது. கேட்டதே தவிர ஒரு சத்தம் போடவில்லை.

இப்படியே கசற் பேசும் ஞாயிறு வந்துவிட்டது. ஐயா புதுப் பற்றறி நாலு வாங்கிவந்திருந்தார். அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாய் உள்ளுக்கை இருக்கட்டும், நீ வெளியிலை போ" என்றார் ஐயா. நான் ஓவசியரின் காதுக்குள் "ஒரே ஒருக்கா, என்ரை ராசா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவில் காதை வைத்தேன். அன்றைக்குக் காகங்களை அவற்றின் பாட்டில் விட்டுவிட்டேன்.

தேவாரம் முடிந்தது. நாய் குரைக்கவில்லை. உடம்பு முடிந்தது, குளிர் முடிந்தது, கூட்டாளிகள் முடிந்தது. உள்ளே ஐயாவைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. புகைத்தல் வந்தது. வழக்கம்போல மூன்று இருமல் வந்தது. புதுப் பற்றறியில் அது எங்கே போனாலும் இருமலாகத்தான் கேட்கும். பிறகு ஐயா பேசவேயில்லை. சந்தையடிக்கு எந்த வழியால் கொண்டுபோவார் என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

"தம்பி" என்றார் ஐயா, துண்டைப் பார்த்துப் பேசுகிற குரலில் அல்ல. "ஒரு விசயம் சொல்லவேணும். போன கசற்றிலை குரைச்சது நாயில்லை. அது நான். பற்றறி காணாமல் என்ரை இருமல் உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கு."

இருமல் என்று சொன்னார். செருமல் என்று சொல்லவில்லை. குசினி வாசலில் அம்மா நிமிர்ந்து நின்றார். என் கண் நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்லியாயிற்று, இனி இந்த வீட்டுக்கு நாய் எதற்கு?

"அதுக்குப் பிறகுதான் ஒரு நாய் வந்தது. அது குரைக்கிற சாதி இல்லை. திருப்பி விடுவம் எண்டுதான் இருந்தனான். ஆனால் தம்பி, நான் இப்ப முக்கால் மணித்தியாலமாய்க் கதைக்கிறன். எழும்பிப் போகாமல், கொட்டாவி விடாமல், என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்குது. இந்த வீட்டிலை நீயும் கொம்மாவும் தங்கச்சியும் இவ்வளவு காலமும் செய்யாத வேலை. அதாலை அது இஞ்சை நிக்கட்டும்."

கதிரை முன்னால் நகருகிற சத்தம் கேட்டது.

"உனக்கு நித்திரை வராட்டி அந்தப் பழைய கசற்றையே போட்டுக் கேள். நான்தானே அது."

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, எதைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் ஐயாவையும் ஓவசியரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தேன். கதிரை சரிந்தது. அம்மாவும் பின்னால் அழுதுகொண்டு வந்துவிட்டார்.

"றெக்கோட் பண்ணேக்கை உள்ளுக்கை வராதையுங்கோ எண்டு எத்தினைதரம் சொன்னனான்!" என்று ஐயா வேலணைக்குக் கேட்கக் கத்தினார். அந்தக் கத்தலில் வெருண்டுபோய், வாழ்க்கையில் முதல்தரமாக, ஓவசியர் குரைத்தது. மூன்று தரமல்ல. நிறுத்தவேயில்லை. ஐயா "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்கிறார், நாய் குரைக்கிறது, அம்மா அழுகிறார், நான் சிரிக்கிறேன். எல்லாம் சேர்ந்து ஓடி, கசற் முடிந்து, பட்டன் தானாக எழும்பும்வரைக்கும் ஒருவரும் அதை அமத்தவில்லை.